பொம்மை வீட்டுக்கு ஒரு குடுமிக் கதவு

இரண்டு மாதமாக ஒரு பொம்மை வீட்டு கிட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1:24 அளவு, அதாவது நிஜ வீட்டில் இரண்டு அடி என்றால் இதில் ஒரு அங்குலம். சுவர், மாடிப்படி, சமையலறை அலமாரி எல்லாமே லேசரில் வெட்டிய 3 மி.மீ. பிளைவுட். நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் வாசல் கதவுக்கு வந்தபோது, அதைச் சட்டத்துக்குள் வைத்து ஒட்டிவிடச் சொல்லிக் குறிப்பில் ஒரே ஒரு படம் போட்டிருந்தது. ஒட்டிவிட்டால் அப்புறம் அது என்ன கதவு, சுவரோடு சுவர். எனக்கு மனசே ஒப்பவில்லை. ஜன்னல் திறக்காவிட்டால் பரவாயில்லை, திரை போட்டு மறைத்துவிடலாம், வாசல் கதவு திறந்து மூடியே ஆகவேண்டும்.

முதலில் எல்லோரையும் போலக் கீல்தான் தேடினேன். ஆன்லைனில் 10 மி.மீ. நீளத்தில் குட்டிப் பித்தளைக் கீல்கள் கிடைக்கின்றன, பார்க்க அவ்வளவு அழகு. ஆணிகள் முடி மாதிரி இருக்கும். பிளைவுட்டின் ஓரத்தில் அந்த ஆணியை இறக்கினால் அடுக்குகள் பிரிந்து வாயைத் திறக்கிறது, முகத்தில் அடித்தால் 3 மி.மீ. பலகையில் ஆணிக்குப் பிடிப்பே இல்லை. ஒட்டிப் பார்த்தேன். மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கதவு சுற்றும், ஒரு மயிரிழை தள்ளினாலும் பாதியில் முரண்டு பிடிக்கும். என்னுடையது முரண்டு பிடித்தது. ஒட்டும்போது பசை கீலின் மூட்டுக்குள் ஊறிப் போய் அதுவும் இறுகிவிட்டது. தண்ணீர் மாதிரி இருக்கிற, உடனே பிடித்துக்கொள்கிற பசைக்கு அதுதான் குணம், சின்ன இடுக்கு எங்கே இருந்தாலும் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து பருத்தி நாடாவைப் பட்டையாக வெட்டிக் கீல் மாதிரி ஒட்டினேன். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது, அப்புறம் நாடா தளர்ந்து கதவின் வெளி ஓரம் தரையில் உரச ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் மரவேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். சென்னை ராயபுரத்தில் தாத்தா வீடு இருந்த காலத்திலிருந்தே பழக்கம். 3 மி.மீ.க்கு இழைத்த மரத்துண்டு ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் அவரிடம் போனேன். கதவையும் கீலையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீல எதுக்கும்மா தேடினு கீற? குடுமி வெச்சிடு, அவ்ளோதான். உங்க தாத்தா வூட்டுக் கதவுக்கு ஏது கீலு?"

எனக்குச் சட்டென்று அந்தக் கதவு கண்முன் வந்து நின்றது. ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, அந்தக் கட்டடம் இன்னமும் நிற்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நடுவில் முற்றம் வைத்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் போய் அடுக்குமாடி வந்துகொண்டே இருக்கிறது. தாத்தா வீடும் அப்படித்தான் போனது. அந்த வீட்டில் இரட்டைக் கதவு, பர்மா தேக்கு, சங்கிலி வைத்த நாதாங்கி. ஒரு இடத்திலும் கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஒரு ஓரத்திலேயே மேலேயும் கீழேயும் உருண்டையாக ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் குடுமி. கீழ்க் குடுமி நிலைப்படியில் இருக்கிற குழியில் உட்காரும், மேல் குடுமி நிலையின் மேல் சட்டத்தில் இருக்கிற துளைக்குள் போகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து கதவை மேலே தூக்கினால் கீழ்க் குடுமி குழியிலிருந்து கழன்றுவிடும், அப்படியே சாய்த்து வெளியே எடுத்துச் சுவரில் சாத்தி வைப்பார்கள். அத்தனை கனமான கதவுக்கு ஒரு ஆணி, ஒரு திருகு கிடையாது, முழுப் பாரமும் கீழே இருக்கிற அந்த ஒரு குழியில்தான். கீல் வைத்த கதவில் பாரம் முழுவதும் ஆணியைத்தான் பிடித்து இழுக்கும். மெல்லிய பலகையில் கீல் ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கதவு 88 மி.மீ. உயரம், 38 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். குடுமிக்குக் குண்டூசி போதும் என்று தோன்றும், ஆனால் கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் இரும்பு ஊசி உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும், துரு மரத்தில் கறையாக இறங்கும். பித்தளைக் கம்பிதான் சரி. பாரிமுனைக்குப் போய் 20 கேஜ் கம்பி ஒரு மீட்டர் வாங்கினேன், அது ஏறக்குறைய 0.9 மி.மீ. கூடவே 0.8, 1 மி.மீ. ட்ரில் பிட்டுகளும் அவற்றைப் பிடித்துக் கையால் திருகுகிற ஒரு சின்னப் பிடியும். மோட்டார் ட்ரில் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம், பிட் உடனே ஒடிந்துவிடும்.

முக்கியமான இடம் குடுமியின் மையம். கதவின் முகத்திலிருந்து 1.5 மி.மீ., ஓரத்திலிருந்தும் அதே 1.5 மி.மீ. அதாவது தடிமனில் சரிபாதி. இதைச் சரியாக வைத்த பிறகும் கதவு திறக்காது, ஏனென்றால் ஓரம் சதுரமாக இருக்கிறவரை அதன் மூலை மையத்திலிருந்து 2.1 மி.மீ. தள்ளி இருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே நான் விட்ட இடைவெளி 0.5 மி.மீ., ஆக மையத்திலிருந்து நிலை 2 மி.மீ. தூரத்தில். திரும்பும்போது மூலை போய் முட்டும். அதனால் குடுமி இருக்கிற ஓரத்தை உப்புத்தாளால் அரைவட்டமாக உருட்டிவிட வேண்டும், உருட்டிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் 1.5 மி.மீ.தான். முதலில் சொரசொரப்பான தாள், கடைசியில் 220 நம்பர் நைசான தாள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன், விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டியிருந்தது.

கதவுக்குப் பிளைவுட்டை விட்டுவிட்டு மாமா கொடுத்த தேக்குத் துண்டையே எடுத்துக்கொண்டேன், ஓரத்தில் துளை போட்டாலும் பிளக்கவில்லை. மர ரேகை நெடுக்காக வரும்படி வெட்டினேன். ஈரக் காற்றில் மரம் ரேகைக்குக் குறுக்கேதான் ஊதும், நீளவாட்டில் அநேகமாக ஊதாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நம் வீட்டுக் கதவுகள் இறுகிப் போவது அதனால்தான். ஆகவே குடுமிக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் மட்டும் 1 மி.மீ. இடைவெளி விட்டேன், மேலும் கீழும் 0.5 போதும்.

கிட்டில் சுவரில் துளை போட வழியே இல்லை, சுவரே 3 மி.மீ.தான். அதனால் நிலையைத் தனியாகச் செய்தேன். மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, ஒரே தடவையில் 1 மி.மீ. துளை போட்டேன். இப்படிச் செய்தால் இரண்டு துளைகளும் கண்டிப்பாக ஒரே இடத்தில் விழும், கீலில் பட்ட பாடு இங்கே கிடையாது. கதவில் போடும் துளை மட்டும் 0.8. கம்பி கதவுக்குள் இறுக்கமாக நிற்கும், நிலைக்குள் இலகுவாகச் சுற்றும், எங்கேயும் ஒரு சொட்டுப் பசை தேவையில்லை. கம்பி கதவுக்குள் 8 மி.மீ. ஆழம் இறங்கினால் போதும்.

ஒரு விஷயம் நானாகக் கண்டுபிடித்தது. கீழ்க் குடுமியில் கதவு நேராகச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தால் பெயின்ட்டைச் சுரண்டும், நடுவே ஒரு வாஷர் வேண்டும், இவ்வளவு சின்ன வாஷருக்கு எங்கே போவது? வண்ணாரப்பேட்டையில் ரவிக்கைக்கு வேலைப்பாடு செய்கிற கடையில் தட்டையான சமிக்கி ஒரு பொட்டலம் வாங்கினேன். நடுவில் துளையோடேயே வருகிறது, காகிதம் மாதிரி மெல்லிசு. இரண்டைக் கம்பியில் கோத்துப் போட்டேன், கதவு வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது.

பெயின்ட் எல்லாம் பூட்டுவதற்கு முன்பே அடித்து, இரண்டு நாள் காய விட்டு, துளைகளில் ஏறிய பெயின்ட்டைத் திரும்ப பிட் விட்டுச் சுத்தம் செய்துவிட வேண்டும். கம்பிமேல் மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்த்துக்கொள்வது நல்லது. நிலையின் நான்கு சட்டத்தையும் ஒட்டும்போது கதவு உள்ளேயே இருக்க வேண்டும், பிற்பாடு நுழைக்க முடியாது. மூலைகளுக்கு மட்டும் ஃபெவிகால், தீக்குச்சி நுனியால் தொட்டு வைத்தேன்.

முதல் தடவை சுவரில் பொருத்தியதும் கதவு தானாகவே மெல்லத் திறந்துகொண்டது. நிலை லேசாக உள்பக்கம் சாய்ந்திருந்ததுதான் காரணம், குடுமி இரண்டும் தூக்குநூலுக்கு நேராக இல்லாவிட்டால் கதவு சரிவு இருக்கிற பக்கம் தானாக ஓடும். தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, கீழே ஒரு துண்டு விசிட்டிங் கார்டைச் சொருகினேன். இப்போது விட்ட இடத்தில் நிற்கிறது.

மாமா நேற்று வந்து பார்த்தார். சுண்டுவிரலால் நாலைந்து தடவை திறந்து மூடினார். "மேல கொஞ்சம் இடம் வுட்டிருந்தா தூக்கிக் கழட்டலாமே" என்றார். உண்மைதான், மேல் துளையை ஆழமாக்கி மேலே 2 மி.மீ. இடைவெளி விட்டு, கீழ்க் குடுமியை 1.5 மி.மீ.க்கு வைத்திருந்தால் தாத்தா வீட்டுக் கதவு மாதிரியே தூக்கி எடுத்திருக்கலாம். இன்னும் கொல்லைப்புறக் கதவு பாக்கி இருக்கிறது. அதை இரட்டைக் கதவாக, தூக்கினால் கழல்கிற மாதிரி செய்யப் போகிறேன். தேக்கு இன்னும் ஒரு துண்டு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.