கடான்யோ ஏரி: மேலே ஒன்றும் தெரியாது, கூத்தெல்லாம் பன்னிரண்டு மீட்டர் கீழே

ஏழு கிலோமீட்டர்கூட வராத தூரம். அதற்கு 50 பிராங்க் வாங்கினார் அந்த டாக்சிக்காரர். எங்கள் ரயில் சுவிட்சர்லாந்தின் ஐரோலோ ஊருக்குத் தாமதமாக வந்து சேர, ஏரிக்கான மலையடிவாரமான பியொத்தா போகும் பேருந்து அதற்குள் கிளம்பிவிட்டது. நிலையத்து வாசலில் நின்றது அவர் வண்டி ஒன்றுதான். மீட்டர் போடுங்கள் என்றால் கண்ணாடியைச் சரிசெய்கிறார். பிராங்கை 100-ஆல் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. அந்தக் காசுக்குச் சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்திலேயே போயிருக்கலாம் என்று வழி முழுக்கப் பொருமிக்கொண்டே போனேன். நீங்கள் போனால் தயவுசெய்து அடுத்த பேருந்துக்குக் காத்திருங்கள்.

எங்கே போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "சுவிட்சர்லாந்து வரைக்கும் போய் பாக்டீரியாவா பார்ப்பாங்க?" என்றார்கள். ஆமாம், பார்ப்பார்கள். நுண்ணுயிரியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட என்னைப் போன்றவர்கள் பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தில், பியோரா பள்ளத்தாக்கில் 1921 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கடான்யோ ஏரி. ஊதா கந்தக பாக்டீரியா என்று ஒன்று உண்டு: கந்தக வாயுவையும் வெளிச்சத்தையும் வைத்துப் பிழைப்பது, பெயரில் ஊதா இருந்தாலும் இங்கே தண்ணீருக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவது. அதைப் பற்றி எதைத் திறந்தாலும் இந்த ஏரியின் பெயர் வந்து நிற்கும்.

சூரிக்கிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடிவாரச் சுரங்கம் வழியே போகும் விரைவு ரயிலில் ஏறினால் ஐரோலோவைப் பார்க்கவே முடியாது, மலைக்கு அடியிலேயே போய்விடுவீர்கள். பழைய மலைப்பாதை ரயிலில்தான் ஏற வேண்டும். நேரம் கூடுதல்தான், ஆனால் வாஸன் ஊரில் பாதை மலைக்குள் சுழன்று சுழன்று ஏறுவதால் ஒரே தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களில் ஜன்னலுக்கு வரும். அதற்கே டிக்கெட் காசு சரியாகப் போய்விட்டது.

பியொத்தாவில் இருந்து இழுவை ரயில். கயிறு கட்டி மலைமேல் இழுத்துப் போகும் பெட்டி; பழனி விஞ்ச்சில் போயிருப்பீர்கள், ஆனால் இதன் சரிவு வேறு ரகம். செங்குத்தான இடத்தில் 87.8 சதவீதம். மொத்தம் 786 மீட்டர் ஏறுகிறது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன், கீழே நெடுஞ்சாலை காலுக்கு நேராகத் தெரிந்தது. மீதி தூரத்துக்கு எதிரே இருந்த தாத்தாவின் தொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேலே நீர்மின் திட்டம் கட்டும்போது சாமான் ஏற்றப் போட்ட பாதை இது, 1921-இல் பயணிகளுக்கும் திறந்துவிட்டார்கள். குளிர்காலத்தில் ஓடாது. டிக்கெட் விலை நெஞ்சை அடைக்கும், இருந்தாலும் போகும்போது கட்டாயம் ஏறுங்கள். அங்கே மூச்சை மிச்சம் பிடித்தால்தான் மேலே நடக்க முடியும்.

இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரிதோம் ஏரியும் அதன் அணையும். இந்த ஏரியை யாரும் நின்று பார்ப்பதில்லை, படம் எடுத்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆனால் ரிதோமும் ஒரு காலத்தில் கடான்யோ மாதிரியே மேல்நீரும் அடிநீரும் கலக்காத ஏரிதான். அடியில் கந்தக நீர், இடையில் செந்நிற பாக்டீரியா எல்லாம் இருந்திருக்கிறது. ரயில்வேக்கு மின்சாரம் எடுக்க அணை கட்டி, தண்ணீரை இறக்கி ஏற்றத் தொடங்கியதும் அந்த அடுக்கு கலைந்துபோனது. நான் வந்த ரயிலும் அந்த மின்சாரத்தில்தான் ஓடியிருக்கும், அதனால் ரொம்பப் பேச எனக்கு வாயில்லை. பக்கத்தில் இருந்த கடான்யோ தப்பித்தது நம் அதிர்ஷ்டம்.

ரிதோம் கரையோரம் நடந்து, ஒரு மேடேறி, பசு மணிச் சத்தத்துக்கு நடுவே கடான்யோவை அடைந்தால் முதலில் வருவது ஏமாற்றம். 26 ஹெக்டேர் பரப்பில் ஒரு சாதாரண மலை ஏரி. தெளிந்த பச்சைநீலத் தண்ணீர், கரையில் தூண்டிலோடு இரண்டு பேர். இளஞ்சிவப்பு எங்கே என்று கேட்டுத் தேடி வந்த ஒரு ஜோடி முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனது. இணையத்தில் சுற்றும் இளஞ்சிவப்பு ஏரிப் படங்களெல்லாம் வேறு கதை. 2020-இல் நம் மகாராஷ்டிரத்து லோனார் ஏரி நிறம் மாறியதே, அது உப்பு விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களின் வேலை. கடான்யோவின் நிறம் மேற்பரப்புக்கு வருவதே இல்லை. படம் எடுத்துப் போடத்தான் போகிறீர்கள் என்றால் போகாதீர்கள், காசு தண்டம்.

நான் தப்பித்தது ஒரு தங்கையால். சூரிக்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முதுகலை ஆய்வுக்காக அந்தக் கோடையில் மேலேயே தங்கியிருந்தாள். ஏரிக்கரையில் பழைய கல் மாட்டுக்கொட்டகைகளைச் செப்பனிட்டு ஆல்ப்ஸ் உயிரியல் மையம் ஒன்றை நடத்துகிறார்கள், 1994-இலிருந்து இயங்குகிறது. மாதிரி எடுக்கப் போகும் படகில் எனக்கும் ஓர் இடம் வாங்கித் தந்தாள்.

ஏரி நடுவே ஒரு மிதவை மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து குழாயை மெல்ல இறக்கி, பம்ப் வைத்துத் தண்ணீரை மேலே இழுக்கிறார்கள். ஐந்து மீட்டரில் வந்தது குடிக்கலாம் போன்ற தண்ணீர். பத்து மீட்டரிலும் அப்படித்தான். பன்னிரண்டைத் தாண்டியதும் கண்ணாடிப் புட்டியில் இறங்கிய தண்ணீரில் ரோஜா நிறம். முதலில் வெளிச்சத்தின் மாயம் என்று நினைத்தேன்; புட்டியை வெள்ளைத் தாள் முன்னால் பிடித்ததும் சந்தேகம் போய்விட்டது. அதைவிட ஆழத்தில் இழுத்தது மறுபடி நிறம் குறைந்து வந்தது, ஆனால் நாற்றம்! அழுகின முட்டை. "அண்ணா, மூக்கைக் கிட்டக் கொண்டு போகாதைங்கோ, பிறகு சாப்பிடேலாது" என்றாள். நான் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டேன்.

நடப்பது இதுதான். ஏரிக்கு அடியில் டோலமைட், ஜிப்சம் பாறைகள் ஊடாக ஊற்று நீர் வருகிறது. அதில் உப்பும் சல்பேட்டும் அதிகம், ஆகவே கனம். மேலே சேர்வது மழையும் பனியும் உருகி வரும் லேசான நீர். கனமானது கீழேயே தங்கிவிடுகிறது. ஏரியின் ஆழம் 21 மீட்டர்தான், இருந்தாலும் இரண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கலப்பதில்லை. கீழே ஆக்சிஜன் போகாது. அங்கே சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன, நான் மோந்தது அதைத்தான். அது மேலேறி வரும் எல்லையில், வெளிச்சமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் இடத்தில், நம் ஊதா கந்தக பாக்டீரியா வரிசை கட்டி நிற்கிறது. செடிகள் ஒளிச்சேர்க்கைக்குத் தண்ணீரைப் பிளப்பதுபோல் இவை இந்த வாயுவைப் பயன்படுத்துகின்றன. ஆக்சிஜன் வெளியே விடுவதில்லை. வாயு மேலே தப்பிப்போகாமல் இங்கேயே தீர்ந்துவிடுவதால்தான் மேல்நீரில் மீன் பிழைக்கிறது. தண்ணீரில் மிதந்து திரியும் குட்டி விலங்குகள் இந்த அடுக்குக்கு வந்து மேய்ந்துவிட்டுப் போக, மீன்கள் அவற்றைப் பிடிக்கின்றன. கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

வெளிச்சக் கணக்கு இன்னும் சுவையானது. இந்த பாக்டீரியாவின் பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சக் கூடியது. ஆனால் அகச்சிவப்பு அவ்வளவு ஆழத்துக்கு வருவதே இல்லை, தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. ஆழத்துக்கு வந்து சேர்வது பச்சையும் நீலமும் கலந்த மிச்ச வெளிச்சம். அதைப் பிடிப்பதற்கென்றே ஒகெனோன் என்ற நிறமி இருக்கிறது. ரோஜா நிறம் தருவது அதுதான். அந்த நிறமியின் எச்சத்தை ஆஸ்திரேலியாவில் 164 கோடி ஆண்டு பழைய பாறையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்த பழங்காலக் கடல் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் இங்கே கூடாரம் போடுவதற்கு அதுதான் காரணம்.

மையத்தில் நுண்ணோக்கி வழியே அந்த ஊதா கந்தக பாக்டீரியாக்களில் ஒன்றான குரோமேஷியம் ஒகெனியைத் தங்கை காட்டினாள். பாக்டீரியாவில் இது யானை, நீளம் பத்து மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கந்தக உருண்டைகள் மினுங்குகின்றன. இருட்டில் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளச் சேர்த்து வைத்த சேமிப்பு. இதே தொழில் செய்யும் பச்சைக் கந்தக பாக்டீரியாவான குளோரோபியம் வகைகள் கந்தகத்தை உடம்புக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. ஒகெனி வால் சுழற்றி நீந்துகிறது, சட்டென்று நிற்கிறது, திரும்புகிறது. இதே ஏரியில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இது மொத்த உயிரணுக்களில் வெறும் 0.3 சதவீதம்தான் இருந்தது, ஆனால் அந்த அமைப்பில் உள்ளிழுக்கப்பட்ட கார்பனில் 70 சதவீதம் இதன் கணக்கில். அமோனியத்தில் 40 சதவீதத்துக்கு மேல். அலுவலகத்தில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

இன்னொரு சங்கதியைக் கேட்டபோது நம்பவில்லை. ஒகெனி தண்ணீரைவிடச் சற்றே கனம். வெளிச்சம் தேடி மேலே நீந்தி, அடுக்கின் உச்சியில் லட்சக்கணக்கில் குவியும்போது அந்தத் தண்ணீரே கனமாகிக் கீழே இறங்குகிறது. அவை மறுபடி நீந்தி ஏற, மறுபடி இறங்க, ஒரு மீட்டர் வரை தடிமனுள்ள நீரை அவையே கலக்கிவிடுகின்றன. அந்த உயரம் முழுக்க வெப்பமும் உப்பும் ஒரே அளவு. 2017-இல் இதை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பிராணி ஏரியைக் கலக்குகிறது! இதைக் கேட்டதும் டாக்சிக்காரரை மன்னித்துவிட்டேன், அரை மணி நேரத்துக்கு.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். தங்கையின் அம்மா கட்டிக் கொடுத்திருந்த புட்டும் சம்பலும் காலைச் செலவை மிச்சப்படுத்தியது. மதியம் ஏரிக்குச் சற்று மேலே இருக்கும் மலைக் குடிலில் பொலெந்தா வாங்கினேன். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்வது, மேலே பியோரா பாலாடைக்கட்டி உருகி வழிகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் புல்லை மேய்ந்த மாடுகளின் பால். இரண்டு வாய்க்குப் பிறகு பேச்சே எழவில்லை. விலையைப் பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து, பெருக்கிப் பார்த்து, மீண்டும் ஒரு தட்டு சொன்னேன். பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றும் கையோடு வாங்கினேன். அது வாங்காமல் இருந்திருந்தால் டாக்சிக்காசு சரியாகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

கடைசியாகச் சில நடைமுறைகள், முன்பே சொல்லியிருக்க வேண்டியவை. ஆகஸ்டிலும் மேலே குளிரும், மழைச் சட்டை வேண்டும். தண்ணீர் காசு கொடுத்து வாங்காதீர்கள், ஊர்களில் பொதுக் குழாய் உண்டு. ஏரியைச் சுற்றி விளக்கப் பலகைகள் இருக்கின்றன, படகு கிடைக்காதவர்கள் அதைப் படித்துக்கொண்டே சுற்றலாம். இழுவை ரயிலின் கடைசி நேரத்தை மேலே ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் அந்த 786 மீட்டரையும் முழங்காலால் இறங்க வேண்டியதுதான், கீழே வந்து பேருந்தும் போயிருந்தால் யார் நிற்பார் என்று உங்களுக்கே தெரியும்.