வைக்கிங்குகளைக் கடல் கடத்திய கம்பளி

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வட முனையில் உள்ள லான்ஸ் ஓ மெடோஸ் என்னும் சிற்றூரில், உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டிய புல் மூடிய மேடுகளை 1960ஆம் ஆண்டில் நார்வே நாட்டவரான ஹெல்கே இங்ஸ்டாட் பார்த்தார். மறு ஆண்டு தொடங்கி 1968 வரை, அவருடைய மனைவியும் தொல்லியலாளருமான ஆன் ஸ்டீன் இங்ஸ்டாட்டின் தலைமையில் அங்கே அகழாய்வு நடைபெற்றது. புற்கட்டிகளை அடுக்கிக் கட்டிய எட்டுக் கட்டடங்களின் அடித்தளங்களும், சதுப்பு நிலத்து இரும்புத் தாதுவை உருக்கிய உலையும், படகுப் பலகைகளைப் பிணைக்கும் ஆணிகளும் வெளிப்பட்டன. கொலம்பஸுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே வைக்கிங்குகள் என்னும் வட ஐரோப்பியக் கடலோடிகள் அமெரிக்க மண்ணில் குடியிருந்தனர் என்பது இதனால் உறுதியாயிற்று. அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021இல் வெட்டப்பட்டவை என்று 2021இல் வெளியான ஆய்வு கணித்துச் சொன்னது. சூரியப் புயல் ஒன்று 993ஆம் ஆண்டின் மர வளையத்தில் விட்டுச்சென்ற தடத்திலிருந்து வளையங்களை எண்ணிக்கொண்டு வந்த அந்த முறை தனியாக எழுதத் தக்கது.

அந்த இடத்தில் கிடைத்தவற்றுள் என் கவனத்தை மிகுதியாக ஈர்த்தது, நூல் நூற்கும் தக்களியில் பொருத்தும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு வட்டுதான். உடைந்த மாக்கல் பாத்திரத்தின் துண்டு ஒன்றைத் தேய்த்து வட்டமாக்கி, நடுவில் துளையிட்டிருக்கிறார்கள். நூற்பது அச்சமூகத்தில் பெண்களின் வேலையாக இருந்ததால், வந்தவர்கள் ஆண்கள் மட்டுமல்லர் என்பதற்கு இந்தச் சிறு கல்லே சான்றாகிறது. வைக்கிங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் கொம்பு வைத்த தலைக்கவசத்துக்கோ அக்காலச் சான்று ஒன்றும் கிடையாது. அது 19ஆம் நூற்றாண்டு இசைநாடக மேடையில் பரவிய அலங்காரம். ஆனால் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது அந்தக் கொம்புதான், தக்களி அன்று.

வைக்கிங் கப்பலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மரவேலையையே வியக்கிறார்கள். அந்த வியப்பில் தவறில்லை. 1880இல் நார்வேயில் தோண்டியெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பல் 23 மீட்டருக்குச் சற்று அதிக நீளம் கொண்டது. 890ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. ஓக் பலகைகளை ஒன்றன் விளிம்பின் மேல் மற்றொன்றை ஏற்றி ஆணியறைந்திருப்பதால் அலையில் முறியாமல் வளைந்து கொடுக்கும். அதன் நகல் ஒன்று 1893இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. ஆயினும் காற்றைப் பிடிக்கும் பாய் இல்லாமல், துடுப்பை மட்டும் நம்பி, ஐஸ்லாந்துக்கோ கிரீன்லாந்துக்கோ குடும்பமும் கால்நடையுமாக எவரும் குடிபெயர்ந்திருக்க முடியாது. அந்தப் பாய் பெரும்பாலும் கம்பளியால் நெய்யப்பட்டது. வட நார்வேயின் த்ரோண்டெனெஸ் தேவாலயத்தில் கூரைப் பலகைகளின் இடுக்கில் அடைத்திருந்த பழைய பாய்த் துண்டுகள், வைக்கிங் காலத்துக்குப் பிற்பட்டவையே என்றாலும், அந்தத் தொழில்நுட்பத்தை நமக்குக் காட்டிக் கொடுத்தன.

இதன் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் மலைப்பு ஏற்படுகிறது. சென்டிமீட்டருக்கு, நெடுக்கே ஓடும் பாவு இழைகள் பத்து என்று வைத்துக்கொண்டாலே, ஒரு சதுர மீட்டர் துணிக்குப் பாவு நூல் மட்டும் ஒரு கிலோமீட்டர் வேண்டும். நூறு சதுர மீட்டர் பாய்க்கு நூறு கிலோமீட்டர். குறுக்கே ஓடும் ஊடை நூல் அதற்கு மேல். அத்தனையும் தக்களியில், ஒரு கை நீளம் ஒரு கை நீளமாக, நூற்கப்பட வேண்டும். அக்காலச் செம்மறியாடுகளுக்கு இரண்டு வகை மயிர் உண்டு. நீண்டு விறைப்பான வெளிமயிரைப் பிரித்தெடுத்து முறுக்கினால் வலுவான பாவு கிடைக்கும், மென்மையான உள்மயிர் ஊடைக்குப் போகும். நெய்து முடித்த பிறகு கொழுப்பையும் பைன் மரத் தாரையும் பூசிக் காற்றுப் புகாமல் ஆக்குவார்கள். கப்பல் கட்டும் தச்சர்களின் வேலையைக் காட்டிலும் பாய் நெய்யும் பெண்களின் வேலை நெடுநாள் பிடித்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

இந்த நூற்பு அவர்களுடைய நம்பிக்கை உலகிலும் நுழைந்திருக்கிறது. வருங்காலம் உரைக்கும் பெண்களுக்கு வோல்வா என்று பெயர். அவர்கள் கையாண்ட மந்திரக் கலையின் பெயர் செய்தர். கைக்கோல் அவர்களுடைய அடையாளம். ஸ்வீடனின் ஓலண்ட் தீவு உட்படப் பல இடங்களில் பெண்களின் கல்லறைகளில் இரும்புக் கோல்கள் கிடைத்துள்ளன. அவற்றில் சில, நூற்கும்போது கம்பளியைச் சுற்றி வைக்கும் கோலைப் போன்ற வடிவம் கொண்டவை என்று ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டுகின்றனர். ஆண்கள் இக்கலையைப் பயில்வது இழுக்காகக் கருதப்பட்டது. தெய்வங்களின் தலைவனான ஓடினே இதைச் செய்தான் என்று லோகி என்னும் குறும்புத் தெய்வம் சபையில் ஏளனம் செய்வதாக ஒரு பழம்பாடல் உண்டு.

சாகா எனப்படும் ஐஸ்லாந்துப் பழங்கதைகளுள் ஒன்றான, 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட செந்நிற எரிக்கின் சாகாவில் இப்படி ஒரு வோல்வா வருகிறாள். கிரீன்லாந்தில் பஞ்சம் வாட்டிய ஒரு குளிர்காலத்தில், நீல மேலங்கியும் வெள்ளைப் பூனைத்தோல் கையுறையும் அணிந்து, பித்தளைக் குமிழ் பதித்த கோலுடன் தோர்பியோர்க் என்பவள் ஒரு பண்ணைக்கு வந்து சேர்கிறாள். சடங்குக்குரிய பாடலைப் பாட ஒருத்தி வேண்டும். அங்கிருந்தவர்களில் குத்ரித் என்ற இளம்பெண்ணுக்கு மட்டுமே அது தெரியும். வளர்ப்புத் தாய் கற்பித்தது. தான் கிறித்தவள் என்று சொல்லி முதலில் மறுக்கும் அவள், வீட்டுக்காரர் வற்புறுத்தியதும் பாடுகிறாள். அத்தனை இனிமையாக எவரும் கேட்டதில்லை என்கிறது கதை. அந்தக் காலத்து மதமாற்றம் எப்படி நடந்தது என்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டும் வேறொரு காட்சியை நான் படித்ததில்லை. பின்னர் குத்ரித் தன் கணவர் தோர்ஃபின் கார்ல்செப்னியுடன், அமெரிக்கக் கரையில் அவர்கள் கண்ட நிலமான வின்லாந்துக்குச் சென்று, அங்கே ஸ்னோரி என்ற மகனைப் பெற்றாள் என்றும், முதுமையில் ரோமுக்கு யாத்திரை போய்த் திரும்பி ஐஸ்லாந்தில் துறவியாக வாழ்ந்தாள் என்றும் சாகாக்கள் கூறுகின்றன. கிடைத்த தக்களி வட்டு அவளுடையதா என்று கேட்கத் தோன்றும். அதற்கு ஆதாரம் இல்லை.

வின்லாந்தில் அவர்கள் நிலைக்கவில்லை. மண்ணின் மக்களோடு மூண்ட மோதலே காரணம் என்கின்றன சாகாக்கள். கிரீன்லாந்துக் குடியிருப்போ 15ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. அதன் தென்முனையில் உள்ள ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தை 1921இல் தோண்டியபோது, உறைமண் காத்துவைத்திருந்த கம்பளி ஆடைகள் ஏராளமாகக் கிடைத்தன. பிற்காலக் கிரீன்லாந்துத் துணியில் பாவைவிட ஊடை இழைகள் நெருக்கமாக இருப்பதைக் கண்டு, குளிர் கடுமையானதால் நெசவை மாற்றிக் கதகதப்பைக் கூட்டியிருக்கிறார்கள் என்று கருதுகின்றனர். முக்காடுகளின் பின்புறம் மட்டும், ஐரோப்பாவில் அன்று வழக்கத்திலிருந்த பாணியில், பயனில்லாத நீண்ட வாலோடு தைக்கப்பட்டிருந்தது.