யாருடன் போனீர்கள்?

வேலூர்ப் பக்கச் சிறைகளில் நல அலுவலராகப் பணியாற்றிய காலத்தில், அரசியல் வன்முறை வழக்குகளில் வந்தவர்களிடம் ‘ஏன் இதில் இறங்கினீர்கள்?’ என்று கேட்பதை நான் சீக்கிரமே நிறுத்திவிட்டேன். கேட்டால் சொற்பொழிவுதான் கிடைக்கும். ஒரே வழக்கில் உள்ள மூன்று பேரும் ஒரே சொற்பொழிவை, ஒரே வரிசையில் சொல்வார்கள். ‘முதல் கூட்டத்துக்கு யாருடன் போனீர்கள்?’ என்று கேட்டால் குரல் மாறும். அண்ணன், பீடிக் கடையில் கூட வேலை பார்த்தவன், மாமன் மகன் என்று மனிதர்கள் வரத் தொடங்குவார்கள்.

ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆள் ஒருவர். ஊரும் வழக்கும் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். நண்பன் கூப்பிட்டான் என்று இரவில் சுவரொட்டி ஒட்டப் போயிருக்கிறார். பிறகு தெரியாத ஒருவரைத் தன் வீட்டில் தங்க வைத்தார். நண்பனின் விருந்தாளியை எப்படி மறுப்பது? அடுத்த மாதம் போலீஸ் தேடி வந்தது. வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. காட்டில் இருந்தவர்களே வீடானார்கள். “அதற்கப்புறம்தான் ஐயா, புத்தகமெல்லாம் படித்தேன்” என்றார். கொள்கை கடைசியில் வந்து, நடந்து முடிந்ததற்கெல்லாம் காரணம் எழுதிக் கொடுத்தது.

அன்றைய வட ஆர்க்காட்டில் குறைகள் பொய்யல்ல. கூலி, வட்டி, சாதி எல்லாம் கண்ணெதிரே இருந்தன. 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில், பிடிபட்ட நக்சலைட்டுகள் காரில் இருந்தபடி வெடிக்கச் செய்த குண்டில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் மூன்று காவலர்களும் இறந்தார்கள். தொடர்ந்து காவல்துறை அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் பெரிய வேட்டை நடந்தது. இயக்கம் ஒடுங்கியது உண்மை. ஆனால் ஓரத்தில் நின்ற பையன்கள் சிலர் அடிக்குப் பயந்தே உள்ளே நகர்ந்தார்கள் என்பதும் நான் கேட்ட கதைகளில் உண்டு. அதே தெருவில் அதே கூலியை வாங்கிய மற்றவர்கள் ஏன் போகவில்லை என்பதற்குக் குறைகளின் பட்டியலில் பதில் இல்லை.

மனநல மருத்துவரும் முன்னாள் சிஐஏ அதிகாரியுமான மார்க் சேஜ்மன், உலகளாவிய ஜிஹாத் வலையமைப்பைச் சேர்ந்த 172 பேரின் வரலாற்றை ஆராய்ந்து 2004இல் எழுதியபோது, பெரும்பாலோர் நட்பாலும் உறவாலும் சேர்ந்தவர்கள் என்றுதான் கண்டார். உளவியலாளர் பதாலி மொகதம் வன்முறைக்குப் போகும் வழியை மாடிப்படியாகப் பார்த்தார்: ஏற ஏற ஆட்கள் குறைவார்கள், திரும்பும் கதவுகளும் குறையும். கதவுகளைப் பற்றி அவர் சொன்னது எனக்குச் சம்மதம். ஆனால் நான் சந்தித்தவர்களில் யாரும் தனியாக ஏறவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடிதான் போனார்கள். இடதுசாரி, ஈழம், மதம் என்று ஒன்றையொன்று ஏற்காத கொள்கைகள். வந்த வழியில் மட்டும் வேறுபாடு குறைவு.

குழுவின் பிடி சிறைக்குள் வந்தால் தளர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் 1995ஐ நினைத்துப் பார்க்கலாம். வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலில், இலங்கைத் தமிழர்களை அடைத்து வைத்திருந்த சிறப்பு முகாமிலிருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அத்தனை பேர் அத்தனை நாள் வாய் திறக்காமல் ஒரு வேலையைச் செய்வதற்குக் கட்டளை மட்டும் போதாது. பக்கத்தில் படுத்திருப்பவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சமும் வேண்டும். சந்தேகப்படுகிற இளைஞன் குழுவோடு உள்ளே இருக்கும்வரை அதைச் சொல்லவே மாட்டான். தனியே உட்கார வைத்து வீட்டு விஷயம் பேசினால்தான் மெல்ல வரும்.

அதனால்தான் மனு போட்டுக் கைதியைப் பார்க்க யார் வருகிறார்கள் என்பதை நான் கவனித்தேன். இயக்கத்து ஆட்கள் மட்டுமே வந்தால் கவலை. அக்கா வந்தால், அவள் பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சண்டை போட்டால், நம்பிக்கை. மேலதிகாரிகள் சிலருக்கு இது அற்ப விஷயம். அவர்களுக்கு வேண்டியது ‘திருந்திவிட்டார்’ என்ற ஒரு வரி.

ஜோலார்பேட்டைக்காரரின் முன்விடுதலை அறிக்கையிலும் ‘திருந்திவிட்டாரா?’ என்ற கேள்வி வந்தது. கொள்கையை விட்டுவிட்டதாக அவர் கடைசிவரை சொல்லவில்லை. நிலம் உழுகிறவனுக்குத்தான் சொந்தம் என்றார். துப்பாக்கி மட்டும் இனி வேண்டாம், தம்பி வீட்டில் தங்கி மாடு பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டையும் அப்படியே எழுதி, தம்பியின் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்து அனுப்பினேன்.