சவுக்கு என்று நான் நினைத்த மரம்

கல்யாணமாகி இலங்கை மலையகத்தில் இருக்கிற அப்புத்தளைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு மரத்தின் பெயரில் மாட்டிக்கொண்டேன். "மேல சவுக்கு மரத்தடியில வெறகு ஒடிஞ்சு கெடக்கும், கொஞ்சம் பொறுக்கிட்டு வா புள்ள" என்றார் அத்தை. சவுக்கு எனக்குத் தெரியாதா? நான் பிறந்தது தமிழ்நாட்டில், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுப் பக்கம். கடலோரத்தில் மணலைத் தடுக்க வரிசை வரிசையாக நிற்பது சவுக்குதான். ஊசி இலை, காற்று வந்தால் ஓயாத இரைச்சல். அரை மணி நேரம் தேயிலைக்குள் அலைந்தேன். ஊசி இலை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தேயிலைக்கு நடுவே, இலையைத் திருப்பினால் வெள்ளி மின்னுகிற வேறொரு மரம்தான் எங்கு பார்த்தாலும் நின்றது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அத்தை சிரித்த சிரிப்பு லயத்தின், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசி வீடு வரை கேட்டிருக்கும். இங்கே சவுக்கு என்பது அந்த வெள்ளி இலை மரம். நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. ஊட்டிப் பக்கம் சில்வர் ஓக் என்பார்கள்.

அப்புறம் கச்சான். கடையில் கச்சான் என்றால் வேர்க்கடலை. எங்கள் ஊர்க் கடற்காரர்களுக்கோ கச்சான் என்பது மேற்கேயிருந்து வரும் காற்று. ஆடி பிறந்ததும்தான் தெரிந்தது, இங்கேயும் அந்தக் காற்றுக்கு அதே பெயர். பெயர் மட்டுமல்ல, காற்றும் ஏறக்குறைய அதேதான். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு, வெறுங்கையாக எங்கள் செம்மணல் தேரிக்காட்டின் மேல் பாயும். இங்கே ஹட்டன், நுவரெலியா பக்கம் நனைத்துவிட்டு, அப்புத்தளை இருக்கிற ஊவாவுக்குள் காய்ந்து வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுகிறது. எங்கள் ஊரில் அது கண்ணில் மண்ணைப் போடுவதோடு சரி.

அந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் இவருமாக லிப்டன் சீட்டுக்கு நடந்தோம். தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடமாம். இவருக்கு ஏழு கிலோமீட்டர் ஏற்றம் ஒரு விளையாட்டு. முப்பது வருடம் கொழுந்து பறித்த அத்தைக்கு அதுகூட இல்லை. நான் மட்டும் வளைவுக்கு வளைவு நின்று, பூச்சி பார்க்கிற சாக்கில் மூச்சு வாங்கினேன்.

சாக்கு நிஜமாகிப்போனது. காற்று பலமாக இருக்கிற நாளில் பூச்சி இருக்காது என்றுதான் யாரும் நினைப்போம். இருக்கும், இடம்தான் மாறியிருக்கும். மணப்பாட்டில் சின்ன வயதில் தம்பியும் நானும் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம்: கடலைப் பார்த்த பக்கம் நண்டைத் தவிர ஒன்றும் இருக்காது, மணல்மேட்டுக்குப் பின்னால் எருக்கஞ்செடியில் ஒரு ஊரே குடியிருக்கும். இங்கே மணல்மேடு கிடையாது. தேயிலைச் செடி இருக்கிறது, பாதையோர மண்கட்டு இருக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டுகிற பக்கம் குனிந்து பார்த்தால் போதும்.

அப்படிக் குனிந்த இடத்தில் மஞ்சள் தட்டான்கள், குச்சியைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாகத் தொங்கின. கிளப்பிவிட்டால் செடி மட்டத்துக்கு மேலே எழாமல் பறந்து அடுத்த செடிக்குப் பின்னால் ஒதுங்கின. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று நான் அளந்துவிட்டேன். அத்தை வானத்தைப் பார்த்தார். "இந்தக் கச்சானுக்கு மழையா? ஒசரப் போனா காத்து தூக்கிட்டுப் போயிரும்னு தவழுது" என்றார். அந்த வகைத் தட்டானைக் காற்று தூக்கிக்கொண்டு போவது உண்மைதான். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். ஆனால் அது வேறு பருவம், வேறு காற்று.

அத்தைக்குத் தட்டானில் அக்கறையில்லை. அவர் கண் கொழுந்தில். நடந்துகொண்டே ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இரண்டு இலைகளைக் கிள்ளிப் பிரித்துக் காட்டினார். உள்ளே நூலுக்கு நடுவே பச்சைப் புழு ஒன்று நெளிந்து பின்னோக்கி ஓடப் பார்த்தது. இலையைச் சுருட்டித் தைத்து உள்ளேயிருந்தே தின்கிற புழு. ஒரு காலத்தில் இது தோட்டங்களை ஆட்டிவைத்ததாம். 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் குஞ்சுகள் இந்தப் புழுவுக்குள்ளேயே இருந்து அதைத் தின்று வளரும். குளவி இந்த மலைக்குப் பழகி இங்கேயே தங்கிவிட்டது, புழுவும் அடங்கியது. வந்த இடத்தில் இவ்வளவு சீக்கிரம் வேலை கிடைத்த ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு இன்னும் வருடா வருடம் விசாக் கடதாசியோடு வரிசையில் நிற்கிற பாடு.

பாதி வழியில், காற்றுப் படாத ஒரு வளைவில், வெயில் ஏறிய கல்லின் மேல் அதைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம், முன்னிறகு நுனியில் கறுப்பு, கறுப்பின் குறுக்கே வெள்ளைப் பட்டை. "எங்க ஊர் எருக்கம் பூச்சி!" என்று கத்தியே விட்டேன். வெந்தய வரியன். அதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்வதால் பூச்சியின் உடம்பிலும் கசப்பு, பறவை கிட்டே வராது. வந்து நான்கு மாதத்தில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

மெல்ல முட்டி போட்டேன். காற்று வளைந்து வந்து தட்டும்போதெல்லாம் பூச்சி இறகை மூடிக்கொண்டு பாய்மரம் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. ஊன்றியிருந்த நான்கு கால்களும் கல்லைவிட்டு அசையவில்லை. காற்று நின்றதும் மறுபடி விரித்தது. அப்போதுதான் பின்னிறகு முழுதாகத் தெரிந்தது. எருக்கம் பூச்சிக்கு அங்கே மூன்று நான்கு புள்ளிதான் இருக்கும். இதற்கு மிளகைக் கொட்டினாற்போல இறகெல்லாம் புள்ளி. மூடும்போது அடிப்பக்கத்தில் வெள்ளித் திட்டுகள் வேறு. இது அதுவே இல்லை. மலைப் புல்வெளியில் வாழ்கிற வேறொரு வண்ணத்துப்பூச்சி. இதில் பெண் மட்டும் வெந்தய வரியன் வேஷம் போட்டுப் பறவையை ஏமாற்றும். பறவையோடு சேர்த்து என்னையும்.

படம் எடுத்த கையோடு எழுந்து, எதிரே பாறைக்கு அடியில் தொங்கிய கறுப்பான எதையோ பார்த்து போனை அந்தப் பக்கம் திருப்பினேன். கதவில் பாதி அளவு இருக்கும், மேலே அலை அலையாக ஏதோ ஓடியது. அத்தை என் கையைத் தட்டிவிட்டார். என் தலையைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, வந்த வழியே விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போனார். வாயைத் திறக்கவில்லை. இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான், "குளவி" என்றார். உண்மையில் அது மலைத்தேனீ. திறந்த வெளியில் ஒற்றை அடையாகத் தொங்கவிடும். தாழ்நிலத்துக்கும் மேட்டுக்கும் பருவம் பார்த்து இடம் மாறுகிற ஜாதி. ஆனால் கொட்டு வாங்கிய மலையில் நின்றுகொண்டு அத்தைக்கு வகைப்பாடு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்தில் அதற்குப் பெயர் குளவிதான். காற்றில் கிளை ஆடினாலோ கழுகு வந்து அடையை இடித்தாலோ மொத்தமும் கிளம்பிவிடும். கூடையோடு சரிவில் நிற்கிறவர்கள் எங்கே ஓடுவது? அத்தையின் காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது. தன்னோடு நின்றவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு லிப்டன் சீட்டைப் பார்க்கவில்லை. இவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் தாழ்வாரத்தில், உட்கார்ந்து றொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். தகரக் கூரையைக் காற்று தட்டிக்கொண்டே இருந்தது.

ராத்திரி தம்பிக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஏ, நம்ம எருக்கம் பூச்சி! அங்கயும் இருக்கா?" பின்னிறகை மட்டும் பெரிதாக்கி மறுபடி அனுப்பினேன். "புள்ளிய எண்ணு" என்று கீழே எழுதினேன்.