போர்வெல் கேபிளில் இருக்கும் இரண்டு பாடங்கள்

பிளஸ் ஒன்னில் மீட்சிப் பண்பு (இழுத்து விட்டால் பொருள் பழைய நிலைக்கே திரும்பும் தன்மை), பிளஸ் டூவில் மின்னோட்டவியல். நீட் எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே புரட்ட வேண்டியிருக்கும். பல்லடம் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டுத் தேர்வு எழுதியவன் என்ற முறையில் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த இரண்டையும் ஒரே நோட்டில், எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதிப் படியுங்கள்.

மின்தடை = மின்தடை எண் × நீளம் ÷ பரப்பு.
நீட்சி = விசை × நீளம் ÷ (பரப்பு × யங் குணகம்).

இரண்டிலும் நீளம் மேலே, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு கீழே, கூடவே பொருளுக்கென்று ஒரு எண்: அங்கே மின்தடை எண், இங்கே யங் குணகம் (நீளாமல் பொருள் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதன் அளவு). எங்கள் ஊரில் மோட்டார் இறக்க வரும் அண்ணன்மார், "அடி கூடுச்சுன்னா கேபிளையும் தடிமனாப் போடோணுமுங்க, இல்லீன்னா மோட்டார் இழுக்காது" என்பார்கள். வாய்பாடு சொல்வதும் அதுதான்.

கணக்குப் போட்டே பாருங்கள். 200 மீட்டர் நீளம், 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி. மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். மின்தடை 0.85 ஓம். 10 ஆம்பியர் போனால் அந்த ஒரு கம்பியிலேயே 8.5 வோல்ட் விழும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் 13.6 வோல்ட். இப்போது அதே 200 மீட்டரில் 20 சதுர மில்லிமீட்டர் எஃகுக் கம்பி கட்டி 1000 நியூட்டன் எடையைத் தொங்கவிடுங்கள். எஃகின் யங் குணகம் 2 × 10¹¹ பாஸ்கல். கம்பியின் சொந்த எடையை விட்டுவிட்டால் நீட்சி 5 சென்டிமீட்டர்.

இந்த ஒற்றுமை இன்னும் கொஞ்ச தூரம் வரும். எஃகையும் தாமிரத்தையும் முனையோடு முனை சேர்த்து எடை தொங்கவிட்டால் இரண்டிலும் ஒரே இழுவிசை, நீட்சிகள் கூடும். தொடரிணைப்பில் ஒரே மின்னோட்டம், மின்னழுத்தங்கள் கூடுவதைப் போலவேதான். நீளமும் தடிமனும் சமம் என்றால், யங் குணகம் 1.2 × 10¹¹ உள்ள தாமிரம் எஃகைவிட 5/3 மடங்கு நீளும். இந்த மாதிரிக் கேள்விக்குப் பேனாவே வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் உஷார். 'கம்பியை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை என்ன?' என்று கேட்பார்கள். கன அளவு மாறாது, பரப்பு பாதியாகும், அதனால் நான்கு மடங்கு. இரண்டு மடங்கு என்ற விடையையும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இங்கே யங் குணகத்தைக் கொண்டுவராதீர்கள்; அவ்வளவு இழுத்த உலோகம் மீட்சி எல்லையைத் தாண்டி எங்கோ போயிருக்கும்.

அப்புறம், ரப்பரா எஃகா, எது அதிக மீட்சி உடையது? திருப்பூர்க்காரர்கள் ஜட்டி எலாஸ்டிக்கை நினைத்துக்கொண்டு ரப்பர் என்பார்கள். இயற்பியலில் எஃகுதான். ஒரே தகைவுக்கு (பரப்புக்கு இவ்வளவு விசை) எதில் திரிபு (நீளத்துக்கு இவ்வளவு நீட்சி) குறைவோ அதுதான் கணக்கு.

செய்முறைக்கும் சேர்த்து ஒன்று: கேள்வியில் விட்டமா ஆரமா என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள். பரப்பில் அது இருமடி ஆகிறது. கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியில் விட்டம் 1 சதவீதம் பிசகினால், மின்தடை எண்ணிலும் யங் குணகத்திலும் அது 2 சதவீதமாக வந்து நிற்கும். அதனால் கம்பியின் விட்டத்தை ஒரே இடத்தில் அளக்காமல் நாலு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். சுழிப்பிழையை (எதையும் வைக்காதபோதே கருவி காட்டும் அளவு) கழிக்கவும் மறக்காதீர்கள்.