எசேக்கியா உடைத்த வெண்கலப் பாம்பு

"என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்ற கட்டளையை விளக்க நம் சபைகளில் பெரும்பாலும் பாகாலையும் பொன் கன்றுக்குட்டியையும்தான் எடுத்துக்கொள்வார்கள். என்னை அதைவிட அதிகமாக உலுக்குவது 2 இராஜாக்கள் 18:4. யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா, ஜனங்கள் பலியிட்டு வணங்கிவந்த மேடைகளை அகற்றுகிறான், சிலைகளைத் தகர்க்கிறான், அப்புறம் மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் உடைத்துப்போடுகிறான்.

எங்கள் வீட்டு வேதபாடத்தில் இதை வாசித்தபோது ஒரு அக்கா உடனே கேட்டார்: "தம்பி, அதைச் செய்யச் சொன்னதே ஆண்டவர்தானே? அதைப் போய் எப்படி உடைக்கலாம்?"

நியாயமான கேள்வி. எண்ணாகமம் 21-இல் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அந்த வெண்கலப் பாம்பை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பாகால் அயலாரின் தெய்வம், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இதுவோ மோசேயின் கைவேலை. ஆண்டவரின் வார்த்தையும் இதற்கு உண்டு. பிழைத்த முன்னோர்களின் சாட்சியும் உண்டு. தன் தாய் மாகாள் வைத்திருந்த விக்கிரகத்தையே சுட்டெரித்தவன், எசேக்கியாவுக்கு முன் யூதாவை ஆண்ட ஆசா ராஜா. அவன்கூட இதைத் தொட்டதாக வேதத்தில் இல்லை. இதற்குள் ஜனங்கள் இதற்குத் தூபங்காட்டவே தொடங்கிவிட்டார்கள். ஆண்டவருக்குரியது அவர் கொடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

இதனால்தான் அந்தக் கட்டளை எனக்குப் பழைய காலத்துச் சங்கதியாகத் தெரியவில்லை. குழந்தை பயந்து அழுதால் தலையணைக்கு அடியில் வேதாகமத்தை வைக்கிறோம். புத்தாண்டு ஆராதனையில் வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கி வருடம் முழுக்கப் பர்ஸில் வைத்திருக்கிறோம். வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் கை நடுங்குகிறதா என்பதை மட்டும் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

பழைய யூதாவின் தெற்கில் இருந்த பெயெர்செபா ஊரில் 1973-இல் அகழாய்வு செய்தபோது, ஒரு கட்டடச் சுவருக்குள் நன்றாகச் செதுக்கிய கற்கள் கிடைத்தன. சேர்த்துப் பார்த்தால் கொம்புகள் உள்ள பலிபீடம்! ஒரு கல்லில் பாம்பு உருவம் கீறியிருக்கிறது. எசேக்கியாவின் சீர்திருத்தத்தில் இடிக்கப்பட்டது இது என்று பலர் சொல்கிறார்கள்; ஒத்துக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு.

எசேக்கியா செய்தது வெளியாட்களுக்குப் புரியவே இல்லை. கி.மு. 701-இல் அசீரியப் படை வந்தபோது அசீரிய ராஜா அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலின்மேல் இருந்தவர்களைப் பார்த்துக் கத்துகிறான்: கர்த்தரை நம்புகிறோம் என்கிறீர்களே, அவருடைய மேடைகளையும் பலிபீடங்களையும்தானே எசேக்கியா அகற்றினான்? மேடைகள் குறைந்தால் தெய்வத்துக்கு மரியாதை குறையும் என்பது அவன் கணக்கு. உள்ளே இருந்தவர்களில் சிலருக்கும் அப்படித் தோன்றியிருக்கும்.

மிரட்டல் கடிதம் வந்ததும் எசேக்கியா ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து, அவர் ஒருவரே தேவன் என்று பூமியிலுள்ள எல்லா ராஜ்யங்களும் அறியவேண்டும் என ஜெபிக்கிறான். அந்த வெண்கலப் பாம்பு உடைபடாமல் இருந்திருந்தால், அன்று ஊரில் எத்தனை பேர் தூபத்தோடு அதன் முன்னால் ஓடிப்போய் நின்றிருப்பார்களோ.