பிராக்டிகலில் மாலிப்டினைட் வந்தால்

ஜியாலஜி பிராக்டிகலுக்குத் தயாராகும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. கனிமங்களை அட்டவணையாக ஒப்பிக்காதீர்கள். எது எதோடு குழப்பும் என்று பார்த்து ஜோடியாகப் படியுங்கள். எம்.எஸ்ஸி.யில் எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

மாலிப்டினைட்டை எடுத்துக்கொள்வோம். மாலிப்டினம் ஒன்று, கந்தகம் இரண்டு சேர்ந்த சல்பைடு. இதன் ஜோடி பென்சிலில் இருக்கும் கிராஃபைட். இரண்டும் நகத்தால் கீறும் அளவுக்கு மென்மை, தொட்டால் வழுவழுப்பு, விரலில் கறை. 1778-இல் ஷீலே என்ற வேதியியலாளர் இரண்டும் வேறு வேறு என்று காட்டும்வரை வேதியியலாளர்களே குழம்பியிருக்கிறார்கள், நமக்கென்ன வெட்கம்!

அடர்த்தி எண் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) மாலிப்டினைட்டுக்கு 4.7, கிராஃபைட்டுக்கு 2.2. கையில் தூக்கினாலே தெரியும் என்பார்கள். ஆனால் லேபில் வைக்கும் ஸ்பெசிமென் பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸில் ஒட்டிய சின்னச் செதில்தான். அதில் எடை பார்த்துப் பயனில்லை. வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள், ஈயச் சாம்பலில் ஒரு நீலச் சாயல் தெரியும். அப்புறம் பளபளப்பான பீங்கானில் தேய்த்தால் பச்சை கலந்த சாம்பல் கோடு விழும். கிராஃபைட்டில் அந்தப் பச்சை வராது. குண்டூசியால் ஒரு செதிலைப் பெயர்த்து வளையுங்கள். வளையும், ஆனால் மைக்கா போலத் திரும்ப நிமிராது. கந்தகம்-மாலிப்டினம்-கந்தகம் என்ற அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு பலவீனம், அதனால்தான் இப்படி ஏடு ஏடாக உரிகிறது. 'ஏன் மென்மை?' என்ற கேள்விக்கும் இதே பதில்தான்.

ஈயத் தாதுவான கலீனாவோடும் சிலர் குழப்புவார்கள். அது கனசதுரமாக உடையும், அடர்த்தி எண் 7.5. அவ்வளவு போதும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் 'உங்க ஊர்ல எங்கே கிடைக்குது?' என்று கட்டாயம் கேட்பார். நம் ஊரில் கிரானைட் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அரூர்–ஊத்தங்கரைப் பட்டையில் குவார்ட்ஸ் நரம்புகளில் மாலிப்டினைட் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆராய்ந்திருக்கிறது. பயன் கேட்டால், இதிலிருந்து எடுக்கும் மாலிப்டினத்தை எஃகில் சேர்ப்பார்கள் என்று மட்டும் நிறுத்தாதீர்கள். கார் ஆக்ஸில் ஜாயிண்டில் போடும் கறுப்பு கிரீஸிலும் இந்தத் தூள் உண்டு, ரீனியம் என்ற அபூர்வ உலோகமும் இதிலிருந்துதான் பெரும்பாலும் பிரிகிறது.

ஒன்று மறந்துவிட்டேன். இதைத் தொட்டபின் கையைத் துடைத்துவிட்டு அடுத்த ஸ்பெசிமெனை எடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக் கால்சைட்டும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.